ஒரே பாட்டு நான்கு விதமாகக் கேட்கிறது: எல்.பி., கேசட், சிடி, செல்போன் – எதை வைத்துக்கொள்வது?

கோத்தகிரி டீச்சர் (கேள்வி)

வணக்கம். கோத்தகிரியில் அரவேணு பக்கம் எங்கள் வீடு. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருந்தவர். வீட்டுச் செலவு போக மிஞ்சியதெல்லாம் பாட்டுக்குத்தான் போனது என்று அம்மா இன்றைக்கும் குறை சொல்வார். அப்பா விட்டுச் சென்றவை: ஓர் அலமாரி நிறைய எல்.பி. என்னும் பெரிய இசைத்தட்டுகளும் சின்ன 45 சுற்றுத் தட்டுகளும், உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டிகளில் கேசட்டுகள், ஒரு டிரங்குப் பெட்டியில் சிடிகள். கூரைத் தகரம் மாற்றப் போகிறோம். அதற்குள் இவற்றுக்கு ஒரு வழி செய்தாக வேண்டும். கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் மொத்தமாகக் கேட்கிறார். சென்னையில் இருக்கும் மகன், “எல்லாம் போனிலேயே இருக்கிறது அம்மா, கொடுத்துவிடுங்கள்” என்கிறான்.

கொடுப்பதற்கு முன் ஒரே பாட்டை நான்கிலும் வைத்துக் கேட்டேன். பழைய சினிமாப் பாட்டு. வயலின் கூட்டத்தோடு தொடங்கும், தபேலா சேரும், பிறகு பெண் குரல் வரும்.

எல்.பி.யில் குரல் கிட்டத்தில் நிற்கிறது, வயலின்கள் கனமாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பாட்டு தட்டின் பக்கத்தில் கடைசியாக வருவது. ‘ஸ’ வரும் இடமெல்லாம் குரல் கிழிகிறது. அதே பக்கத்தின் முதல் பாட்டில் அப்படி இல்லை. கேசட், ஊட்டி கமர்சியல் ரோட்டில் அந்தக் காலத்தில் இருந்த ஒரு ரெக்கார்டிங் சென்டரில் அப்பா பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியது. அதில் ஒலி மங்கல். மங்கலையாவது பொறுத்துக்கொள்வேன், சுருதியை எப்படிப் பொறுப்பது? நான் வீணை படித்தவள். சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தேன். எல்.பி.யில் 4 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) நிற்கும் பாட்டு, கேசட்டில் நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் தொங்குகிறது. சிடியில் ஒரு கரகரப்பும் இல்லை. ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சத்தம், மெல்லிய இடம், ஓங்கும் இடம் என்ற பேதமே கிடையாது, இரண்டு பாட்டுக்கு மேல் கேட்டால் தலை வலிக்கிறது. போனில், மகன் வாங்கித் தந்த புளூடூத் ஸ்பீக்கரில், தபேலா இடிக்கிறது, குரல் பின்னால் போய்விட்டது. வயலின்களுக்குப் பின்னால் ஏதோ குகைக்குள் வாசித்த எதிரொலி வேறு. எல்.பி.யில் அது இல்லவே இல்லை.

டர்ன்டேபிள், கேசட் டெக், சிடி பிளேயர் மூன்றும் ஒரே ஆம்பிளிபயரில் சேர்கின்றன. இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். போன் மட்டும் தனி.

ஒரே பாட்டு ஏன் இப்படி மாறுகிறது? உண்மையில் எது மேல்? “எல்.பி. என்றாலே தனி சுகம்” என்ற பதில் வேண்டாம். சுகம் எனக்கும் தெரியும், காரணம்தான் வேண்டும்.

கோவை தட்டுப்பிரியன்

அம்மா, யோசிக்கவே வேண்டாம், எல்.பி.தான். டிஜிட்டல் என்பது ஒலி அலையைத் துண்டு துண்டாக வெட்டிப் படிக்கட்டாக அடுக்குவது. இசைத்தட்டில் அலை முழுசாக இருக்கிறது. அதனால்தான் குரல் உயிரோடு கேட்கிறது. தங்க முலாம் பூசிய நல்ல கேபிள்களுக்கு மாறுங்கள், இன்னும் திறக்கும். வியாபாரிக்குக் கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

குன்னூர் ரேடியோக்காரன்

டீச்சர், குன்னூர் பெட்போர்டு பக்கம் நெடுங்காலம் ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கடை இப்போது இல்லை, கைப் பழக்கம் மட்டும் மிச்சம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது: காது சரியாக வேலை செய்கிறது, ஒப்பிட்ட முறைதான் இடறுகிறது. நீங்கள் ஒப்பிட்டது நான்கு வகைகளை அல்ல. தட்டின் முள், கேசட் நாடாவைப் படிக்கும் ஹெட், ஸ்பீக்கர், பதிவைத் தயாரித்த ஆள், ஒலியின் உரப்பு எல்லாம் ஒன்றாக மாறிவிட்டன. இதில் எதற்கு எதன்மேல் பழி போடுவது?

முதலில் அந்தப் படிக்கட்டை இறக்கி வைத்துவிடுகிறேன். சிடி ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கிறது, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. அந்த அளவுகளிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வரை உள்ள அலையை ஒரு வளைவும் குறையாமல் திரும்பக் கட்டிவிடலாம். பிளேயரின் பின்பக்கம் வெளியே வருவது வழவழப்பான அலை. அலையைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தவன் சொல்கிறேன், படியும் இல்லை, கட்டும் இல்லை. அதற்கு மேல் 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டி என்ன போய்விட்டது என்று கேட்பவர்களுக்கு: ஐம்பது வயதைத் தாண்டிய நம்மில் பலருக்கு 14,000-க்கு மேலேயே ஒன்றும் கேட்பதில்லை. மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி சிடியில் 96 டெசிபல். நல்ல எல்.பி.யில் அது சுமார் 60 முதல் 70. சாதாரண கேசட்டில் இரைச்சல் குறைப்பு இல்லாவிட்டால் 50 சொச்சம். காகிதக் கணக்கில் சிடிதான் மேல், இதில் வாதமே இல்லை. கேபிள், வயர் ஒடிந்திருந்தால் மாற்றுங்கள். தங்கத்தைத் தாலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் உங்கள் சிடி ஏன் தலைவலி தருகிறது? பாத்திரம் பெரிதுதான், ஊற்றியது தண்ணீர்ப் பால். உரக்கக் கேட்பது நன்றாக இருப்பதாக மனிதக் காதுக்குத் தோன்றும். ஒரே ஒரு டெசிபல் கூடினாலே போதும், “இதில் தெளிவு அதிகம்” என்று சொல்லிவிடுவோம். இந்தப் பலவீனம் தெரிந்து, 1990-களிலிருந்து உலகம் முழுக்கப் பதிவுகளின் உச்சிகளை நசுக்கி, மெல்லிய இடங்களைத் தூக்கி, சிடி முழுக்க ஒரே உயரத்துக்கு நிரப்பும் பழக்கம் பரவியது. பழைய பாடல்களைத் தொகுத்துப் போட்ட பல சிடிகளுக்கும் இதே கதி. தபேலா அடிக்கு மேலே எழும்ப இடம் இல்லை, அதனால்தான் பேதம் இல்லை. அதே பாட்டு, நசுக்குவதற்கு முந்திய பழைய சிடியில் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள், எல்.பி.யைத் தேட மாட்டீர்கள். டிரங்குப் பெட்டியில் ஆண்டு பார்த்துத் துழாவுங்கள், 1980-களின் கடைசியில் வந்தவை இருக்கலாம்.

இனி எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஓரத்திலும் அதே சுற்று, உள்ளேயும் அதே சுற்று. ஆனால் ஓரத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 20 செ.மீ. சொச்சமாகக் குறைந்துவிடுகிறது. வெளிப்பக்கம் தாராளமாக எழுதிய ‘ஸ’வை உள்பக்கம் பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. உருண்டை முனை முள்ளால் அந்த நெளிவுக்குள் போய்த் திரும்ப முடியாது. இடித்துக்கொண்டு போகும். நீங்கள் கேட்ட கிழிசல் அதுதான். முள் தேய்ந்திருந்தால் கிழிசல் இரட்டிப்பாகும், தட்டும் சேர்ந்து தேயும். பழைய முள்ளை இன்றோடு நிறுத்துங்கள். முள்ளைத் தாங்கும் அதே கார்ட்ரிட்ஜுக்கு நீள்வட்ட முனை முள் கிடைத்தால் வாங்குங்கள்.

எல்.பி.யில் குரல் கிட்டத்தில் நிற்பதாகச் சொன்னீர்கள். அது தட்டின் மந்திரம் இல்லை. அன்று அந்தத் தட்டுக்கு வெட்டியவர் முதல் பிரதி ஒலிநாடாவை வைத்து, உச்சியை நசுக்காமல், குரலை முன்னால் விட்டு வெட்டியிருக்கிறார். பெரிய சத்தத்துக்கு வெட்டினால் முள் துள்ளிவிடும் என்ற பயம் அந்தத் தொழிலுக்கு ஒரு கடிவாளம். கொள்ளளவு குறைந்த பாத்திரத்தில் கவனமாக வைத்த சரக்கு. அதனால் வென்றது.

கேசட்டுக்கு வருகிறேன், என் தொழிலே அதுதானே. நாடாவின் அகலம் 3.81 மி.மீ. அதில் இரண்டு பக்கம், பக்கத்துக்கு இரண்டு தடம். ஒரு தடத்துக்குக் கிடைப்பது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஓட்டம் நொடிக்கு 4.76 செ.மீ. 4 கட்டைக்கும் 4½ கட்டைக்கும் வேகத்தில் வித்தியாசம் சுமார் 6 சதவீதம். உங்களுடையது நடுவில் தொங்குகிறது என்றால் 3 சதவீதம். நொடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. அவ்வளவு சின்னப் பிழை ஒரு வீணைக்காரரின் காதைக் குத்துகிறது.

பிழை யாருடையது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். கம்பெனி கேசட்டுகள் சிலவற்றைப் போட்டுச் சுருதி பாருங்கள். எல்லாமே ஏறியிருந்தால் உங்கள் டெக்கின் மோட்டார் வேகம். மோட்டாரின் பின்பக்கத் துளைக்குள் ஒரு சின்னத் திருகு இருக்கும், இழையளவு திருப்பினால் இறங்கிவிடும். அந்தக் கடையில் பதிந்தவை மட்டும் ஏறியிருந்தால், கடையின் டெக் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும்? அப்படியானால் திருகைத் தொடாதீர்கள்.

மங்கலுக்கு மூன்று காரணம் பார்க்கலாம். ஹெட்டில் பழுப்பு அழுக்கு. அதைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். அடுத்தது டால்பி என்னும் இரைச்சல் குறைப்புப் பொத்தான். டால்பி போடாமல் பதிந்த நாடாவை டால்பி போட்டு ஓட்டினால் மேல்சுரங்களெல்லாம் படுத்துவிடும், ரெக்கார்டிங் சென்டர்களில் டால்பி போட்டுப் பதிந்தவர்கள் குறைவு. மூன்றாவது ஹெட்டின் சாய்வு. பதிந்த ஹெட்டும் ஓட்டும் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும். ஹெட்டின் ஒரு பக்கத்தில் சுருள்வில் போட்ட திருகு தெரியும். அதன் இப்போதைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, பாட்டு ஓடும்போதே மெல்லத் திருப்பினால் ஓர் இடத்தில் ஜால்ரா பளிச்சென்று எழும். அங்கே நிறுத்துங்கள்.

கடைசியாகப் போன். அந்த ஸ்பீக்கரை ஓரமாக வையுங்கள். கைக்கு அடங்கும் பெட்டிக்குள் கீழ்ச்சுரம் பிறக்காது. உள்ளே இருக்கும் சில்லு அதை ஊதிப் பெருக்கிக் காட்டுகிறது, அதுதான் இடி. போனை வயர் போட்டு ஆம்பிளிபயரின் ஆக்ஸ் துளையில் சொருகி, அதே மரப்பெட்டிகளில் கேளுங்கள். நான்கையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவாருங்கள். இன்னொரு போனில் ஒலியளவு காட்டும் செயலியை இறக்கி, உட்காரும் இடத்தில் வைத்து, ஒரே எண் வரும்படி திருகுங்கள். பிறகு நீங்கள் முதுகைக் காட்டி உட்காருங்கள், வேறு யாராவது மாற்றட்டும். எது ஓடுகிறது என்று அவர் சொல்லக் கூடாது. இதைச் செய்யாமல் எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

நம் ஊரில் வோல்டேஜ் இறங்கினால் தட்டின் சுருதி இறங்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கடைக்கு வந்தவர்களெல்லாம் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டே வருவார்கள். பழைய பெல்ட் டர்ன்டேபிள் பலவற்றில் இருப்பது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் பார்த்து ஓடும் மோட்டார். வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினால் அது அசையாது. குளிர்காலக் காலையில் மெதுவாக ஓடினால், பெல்ட் விறைத்திருக்கும் அல்லது அச்சில் போட்ட எண்ணெய் கெட்டியாகியிருக்கும்.

பண்ணைக்காடு பையன்

டீச்சர், நான் கொடைக்கானல் பக்கம். எங்கள் வீட்டில் பாட்டென்றால் கோடை பண்பலை 100.5-தான். எஃப்எம்மில் 15,000 ஹெர்ட்ஸோடு ஒலி நின்றுவிடும். தாத்தாவின் பழைய ரேடியோவில் கேட்கும்போது யாருக்கும் அது குறையாகத் தெரிந்ததில்லை.

போனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலையில் சிக்னல் இறங்கும்போது, ஆட்டோ என்று வைத்திருந்தால் செயலி தானாகத் தரத்தைக் குறைத்துவிடும். ஸ்பாட்டிஃபையின் சுருக்கிய படிகளில் மிகக் குறைந்தது நொடிக்கு 24 கிலோபிட், மேல் படி 320. மேகம் இறங்கிய நாளில் கேட்டுவிட்டுப் போனில் தரம் இல்லை என்று சொன்னால் அது 24-இன் குற்றமாகவும் இருக்கலாம். டவுனில் வைஃபை கிடைக்கும்போது மேல் படியில் இறக்கி வைத்து வீட்டில் கேளுங்கள். ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் இழப்பில்லாத தரமும் இருக்கிறது, ஆனால் புளூடூத்தில் போகும்போது அது மறுபடியும் சுருக்கப்படும். ரேடியோக்கார அண்ணன் சொன்னதுபோல வயர்தான் வழி. அமைப்புகளில் ‘ஒலியைச் சமமாக்கு’ என்பது போன்ற ஒரு பொத்தான் இருக்கும். சோதனையின்போது அதை அணைத்துவிடுங்கள்.

கோத்தகிரி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக குன்னூர் அண்ணனுக்கு. மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவனையே பொத்தான் மாற்ற வைத்தேன், பழி அவன் மேல் வரட்டும் என்று.

டால்பி பொத்தான் அமுங்கிக் கிடந்தது. அப்பா எப்போது அமுக்கினாரோ. எடுத்துவிட்டதும் கேசட்டில் ஜால்ரா, சலங்கை எல்லாம் வந்துவிட்டன, கூடவே சீறலும் வந்தது. கம்பெனி கேசட்டுகள் சுருதியில் நிற்கின்றன. கமர்சியல் ரோட்டுக் கேசட்டுகள் மட்டும் அத்தனையும் ஒரே அளவு ஏறியிருக்கின்றன. திருகைத் தொடவில்லை.

போனை வயரில் சொருகிய பிறகு தபேலா ஒழுங்காக உட்கார்ந்தது, குரலும் முன்னால் வந்தது. மகன் வெற்றி பெற்றதுபோல் பார்த்தான். ஆனால் அந்தக் குகை எதிரொலி அப்படியே இருக்கிறது. ஆகவே ஸ்பீக்கர் குற்றம் இல்லை, யாரோ பிற்பாடு சேர்த்த வேலை. அதே செயலியில் இதே பாட்டு வேறொரு தொகுப்பிலும் இருந்தது. அதில் எதிரொலி இல்லை, ஆனால் எல்.பி.யின் கரகரப்பு மெல்லக் கேட்கிறது! யாரோ தட்டை ஓட்டிப் பதிந்து ஏற்றியிருக்கிறார்கள். வீட்டில் தட்டை வைத்துக்கொண்டு, அதன் நிழலுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டுமாம்.

மகன் ஒரு நல்ல வீணை சிடியையும் ஒரு பஜனை சிடியையும் கணினியில் ஏற்றி, எம்பி3 ஆக 320-லும் 128-லும் மாற்றித் தந்தான். 320-ஐயும் சிடியையும் என்னால் பிரிக்க முடியவில்லை, வெறும் ஊகமாகத்தான் சொன்னேன். வீணையில் 128-ஐயும் பிரிப்பது கடினமாக இருந்தது. பஜனையில் மட்டும் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தேன். ஜால்ரா நீரில் அலசியதுபோல் ‘ஷ்’ என்று இழுக்கிறது. அது ஏன் ஜால்ராவில் மட்டும்?

இன்னொரு விஷயம். பெட்டியின் அடியில் இருந்த கேசட்டுகளில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. அவற்றில் பல அப்பா ரேடியோவிலிருந்து பதிந்தவை: திருச்சி வானொலியின் நாதஸ்வரக் கச்சேரிகள், இலங்கை வானொலி நிகழ்ச்சிகள். அட்டையில் தேதி எழுதியிருக்கிறார். அவற்றை ஓட்டலாமா?

இந்து நகர் பழைய ஊழியன்

ஓட்டாதீர்கள் அம்மா! அது பூஞ்சணம். நான் ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவன். ஈரத்தோடு மல்லுக்கட்டித்தான் எங்கள் பிழைப்பே நடந்தது. பூஞ்சணம் பிடித்த கேசட்டை டெக்கில் போட்டால் பொடி ஹெட்டிலும் உருளையிலும் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் ஏறும். முதலில் அவற்றைத் தனியாகப் பிரித்து வையுங்கள். மூக்குக்கு முகக்கவசம் கட்டிக்கொண்டு, வெயில் நேரடியாகப் படாத, காற்றோட்டமான இடத்தில் ஈரம் இறங்கவிடுங்கள். திருகு போட்ட கேசட்டாக இருந்தால் கூட்டைப் பிரித்து, சுருளின் பக்கங்களைச் சுத்தமான உலர்ந்த துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, புதுக் கூட்டுக்கு மாற்றலாம். ஓட்டுவதற்கென்று விலை குறைந்த பழைய டெக் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயத்தாள் ஒட்டிய பெட்டி தேயிலைக்கு நல்லது. காய்ந்த தேயிலையை உள்ளே வைத்து மூடுகிறோம், வெளி ஈரம் போகாது. கேசட்டை ஐப்பசி மழைக் காற்றோடு உள்ளே வைத்து மூடினால் அதே தாள் ஈரத்தை வெளியே விடாது. பெட்டியை மாற்றுங்கள், அல்லது சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும், ஆனால் சமையல் சட்டியில் வேண்டாம், அந்த நிறம் நஞ்சு. கணப்பை ஒட்டிய சுவர் காய்ந்திருக்கும் என்று அங்கே அடுக்காதீர்கள். சூடும் குளிரும் மாறி மாறி வருவது நாடாவுக்கு ஈரத்தைப் போலவே கெடுதி.

எல்.பி.களை நிமிர்த்தி அடுக்குங்கள், படுக்கப்போட்டால் வளையும். எல்.பி.யின் வினைல் பிளாஸ்டிக்கைப் பூஞ்சணம் தின்னாது, அதன் மேல் ஒட்டிய விரல் எண்ணெயையும் காகித உறையையும் தின்னும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வேறு காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்திக் காய வையுங்கள். லேபிள் நனையக் கூடாது. சிடி பிளேயருக்கு ஒரு சொல்: குளிர்ந்த அறையில் கிடந்ததைக் கணப்பு மூட்டிய அறைக்குத் தூக்கி வந்ததும் போட்டால், லென்ஸில் பனி பிடித்து ‘டிஸ்க் இல்லை’ என்று சொல்லும். ரிப்பேருக்குக் கொண்டுபோகாமல் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

குன்னூர் ரேடியோக்காரன்

பூஞ்சண விஷயத்தில் இந்து நகர்க்காரர் சொன்னதற்கு மேல் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும்: மழைக்காலத்தில் தட்டில் கரகரப்பு குறைவாகவும், ஜனவரி உறைபனிக் காலத்தில் கூடுதலாகவும் கேட்டால் பயப்பட வேண்டாம். காய்ந்த குளிர்க் காற்றில் தட்டில் நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுத்துக்கொள்ளும். ஈரத் துணியால் லேசாக ஒற்றினால் போய்விடும்.

ஜால்ரா கேள்வி நல்ல கேள்வி. எம்பி3 செய்வது ஒரு கணக்கு. உரத்த சுரம் ஒலிக்கும்போது அதன் அருகில் உள்ள மெல்லிய சுரங்கள் காதுக்குக் கேட்பதில்லை, அவற்றுக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறது. சிடிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். 128-இல் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். வீணை ஒலி ஒழுங்கான சுரங்களின் அடுக்கு, எது கேட்கும் எது மறையும் என்று கணக்குப் போடுவது சுலபம். ஜால்ரா அடித்தால் மேல்சுரப் பகுதி முழுக்க ஒரே நேரத்தில் கொதிக்கிறது, எதையும் விட முடியாது. பிட்டு பற்றாமல் கணக்கு தடுமாறும் இடம் அது. கைத்தட்டலிலும் இதே கதை. இன்னொரு இடம் மிருதங்கத்தின் சாப்பு. எம்பி3 ஒலியைச் சிறு சிறு கண்டங்களாக எடுத்துச் சுருக்குவதால், அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே அதன் தூசு பறக்கும். ஹெட்போனில் கவனித்தால் அடியின் முனை மழுங்கியது தெரியும். ‘ஒரே சிடியில் 150 பாடல்கள்’ என்று பஸ் ஸ்டாண்டுகளில் விற்றார்களே, அவையெல்லாம் இந்த 128 ரகம்தான். 700 எம்பி கொள்ளளவில் அத்தனை பாட்டு அடங்க வேறு வழியில்லை. அந்த மாதிரி வட்டு இருந்தால் தூக்கிப் போடுங்கள். அதை 320-ஆக மாற்றினாலும் போனது வராது.

இப்போது எதை வைத்துக்கொள்வது. அப்பா ரேடியோவிலிருந்து பதிந்த கேசட்டுகள்தான் இந்த வீட்டிலேயே தரத்தில் கடைசி. மத்திய அலையில் 5,000 ஹெர்ட்ஸ் தாண்டுவதே அபூர்வம், நடுவில் ஒலி மங்கித் திரும்பும், அதன் மேல் கேசட்டின் சீறல். ஆனால் அந்தத் தேதியின் அந்த நாதஸ்வரக் கச்சேரி வேறு எங்கும் விற்பனைக்கு வந்திருக்காது. முதலில் அவற்றை ஏற்றுங்கள். சினிமா எல்.பி. நாளைக்கும் கிடைக்கும்.

டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து கணினியில் சொருகி, ஆடாசிட்டியில் பதியுங்கள். இலவச மென்பொருள், மகனுக்குத் தெரிந்திருக்கும். 24 பிட், 44,100 போதும். ஃபிளாக் கோப்பாகச் சேமியுங்கள். அது எம்பி3 போல எதையும் விடாது, இடம் மட்டும் ஏறக்குறையப் பாதியாகும். இரைச்சல் நீக்கும் வேலையை மூலப் பிரதியில் செய்யவே செய்யாதீர்கள். சீறலை நீக்குகிறேன் என்று நாதஸ்வரத்தின் சீவாளி ஓசையையும் வழித்து எடுத்துவிடுவார்கள். கமர்சியல் ரோட்டுக் கேசட்டுகளை ஏற்றிய பிறகு கணினியிலேயே 3 சதவீதம் வேகம் குறைத்துக்கொள்ளலாம், சுருதி 4 கட்டைக்கு வந்து நிற்கும்.

கோத்தகிரி டீச்சர்

அப்படியே செய்கிறோம். ரேடியோக் கேசட்டுகளை மகன் ஏற்றத் தொடங்கிவிட்டான். ஒரு நாதஸ்வரக் கச்சேரி முடிந்ததும் அறிவிப்பாளர் பேசுகிறார், நடுவில் எங்கள் வீட்டுக் கடிகாரம் மணி அடிக்கிறது, அம்மா அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். மைக்கை ரேடியோவின் முன்னால் வைத்துப் பதிந்திருக்கிறார் போலிருக்கிறது. வியாபாரியிடம் இரட்டையாக இருந்த தட்டுகளையும் 150 பாட்டு வட்டுகளையும் கொடுத்தேன். வட்டுகளை அவரும் வாங்க மறுத்துவிட்டார்.

அலமாரியின் அடித்தட்டில், செய்தித்தாளில் சுற்றிய கனமான கறுப்புத் தட்டுகள் சில கிடைத்தன. 78 என்று போட்டிருக்கிறது. ஒன்றின் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு. டர்ன்டேபிளில் 78-க்கு வேகம் இருக்கிறது. கழுவி ஓட்டிப் பார்க்கட்டுமா?

கோவை தட்டுப்பிரியன்

அம்மா, 78-களை எனக்குக் கொடுங்கள். நல்ல விலை தருகிறேன்.

குன்னூர் ரேடியோக்காரன்

டீச்சர், அவசரப்படாதீர்கள். 78 தட்டு வினைல் அல்ல, பெரும்பாலும் அரக்குக் கலவை. ஸ்பிரிட், ஐசோபுரொப்பைல் எதுவும் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும், உடனே துடைத்துவிடுங்கள். எல்.பி. முள்ளால் ஓட்டாதீர்கள். 78-இன் பள்ளம் அகலம், அதற்கு ஏறக்குறைய 75 மைக்ரான் முனை வேண்டும். எல்.பி. முள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, பள்ளத்தின் அடியில் விழுந்து அழுக்கைத்தான் வாசிக்கும். உங்கள் கார்ட்ரிட்ஜின் மாடல் எண்ணை இங்கே எழுதுங்கள், அதற்கு 78 முள் வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். வெடித்த தட்டைச் சுழற்ற வேண்டாம். வெடிப்பில் முள் மாட்டினால் முள்ளும் போகும். அதைப் படுக்கவும் வைக்காமல், இரண்டு பக்கமும் கெட்டி அட்டை கொடுத்து நிமிர்த்தி வையுங்கள். யாருக்கும் இப்போது விலை பேச வேண்டாம், முதலில் லேபிள்களைப் போட்டோ எடுத்துப் போடுங்கள்.